பெரியமேட்டில் தீபாவளி, பெரிய மலையில் ஞாயிறு

எங்கள் ஊரில் சீசன் என்றால் கார்த்திகைதான். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருக்கும்போதே கொண்டபாளையத்தில் பந்தக்கால் நடுவார்கள். பொரி மூட்டை வந்து இறங்கும். ஆயா, என் பாட்டி, தன் குச்சிக் கட்டைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொரு குச்சியாகத் துடைத்து, சிம்பு இல்லாமல் கத்தியால் சீவி வைப்பாள். சோளிங்கர் பெரிய மலையில் யோக நரசிம்மர் பதினொரு மாதம் கண்மூடித் தவத்தில் இருந்து கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. அந்தக் கண் நம்மேல் பட வேண்டும் என்று கார்த்திகை ஞாயிறுகளில் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். மலைக்கு 1,305 படி. படி நெடுகக் குரங்கு. வெறுங்கையோடு போனால் பையைப் பிடுங்கும், கையில் குச்சி இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காரும். ஆயா அந்தக் குச்சியை வாடகைக்குத் தருபவள். ஏறும்போது காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தர வேண்டும்.

திருப்பித் தராமல் போகிறவர்களைப் பிடிப்பது சின்ன வயதில் என் வேலை. அவர்களில் பாதிப் பேர் சென்னைக்காரர்கள். மூச்சு வாங்க உட்கார்ந்து, "பாப்பா, இன்னும் எத்தினி படி இருக்கு?" என்று கேட்பார்கள். "பாதி வந்துட்டீங்க" என்று நான் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லுவேன். சென்னையை நான் முதலில் பார்த்தது அந்த வேர்த்த முகங்களில்தான். பெரிய ஊர் எங்களைத் தேடி வரும், வருஷத்துக்கு நாலைந்து ஞாயிறு. நாங்கள் அதைத் தேடிப் போனதில்லை.

2024 ஜூன் மாதம் நான் போனேன். வயது 22. வாலாஜா மகளிர் கல்லூரியில் பி.காம். முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்த பிறகு. அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருக்கிறாள். காலை இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அங்கே ஒரு சூப்பர்வைசர் சொல்லி, சென்னை பெரியமேட்டில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு டாக்குமென்ட் வேலை கிடைத்தது. எந்தப் பெட்டியில் எத்தனை ஜோடி, என்ன அளவு, எந்தக் கப்பல் என்று தாள் தயார் செய்கிற வேலை.

போகிற வழி எளிது. சோளிங்கரில் பஸ் ஏறினால் அரக்கோணம், அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயின், 69 கிலோமீட்டரில் சென்ட்ரல். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் உண்டு. ஆனால் அது ஊரில் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது. ஊர் பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிட்டு மலையைத் தேடுகிற வெளியூர்க்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் புறப்பட்டு வாலாஜா ரோடு வரை ஓடியது இந்த வழியாகத்தான். பிறகு அந்தத் தண்டவாளத்தில் ஆற்காட்டுச் சீமைத் தோல் மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்குப் போனது. பாதி பதனிட்ட தோலாக லண்டனுக்குப் போய், அங்கே செருப்பாகவும் பையாகவும் ஆனது. 1972இல் சீதாராமையா குழு, அப்படித் தோலாகவே அனுப்புவதைக் குறைத்து, முழுப் பொருளாகச் செய்து அனுப்ப வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகுதான் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. தோல் ஷாப்பில் ஆண்கள் ஊறல் தொட்டியில் நின்ற காலம் போய், மெஷின் வரிசைகளில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா அப்படி உட்கார்ந்தவள். அவள் மகள் அதே வழியில் ஒரு பையும் ஒரு பக்கெட்டும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

பெரியமேட்டில் நடந்தால் எனக்கு ஊர் ஞாபகம் வரும். சைடன்ஹாம்ஸ் ரோடு நெடுகத் தோல் கடை, சோல் கடை, பக்கிள், நூல், சொல்யூஷன் டப்பா. சொல்யூஷன் வாசனை அம்மாவின் விரல் நுனியில் எப்போதும் இருக்கும் வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அலுவலகத்தில் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆட்கள். தமிழும் உருதும் கலந்து பேசுவார்கள். கணக்கு பார்க்கும் அக்கா பேரணாம்பட்டு. "சோளிங்கரா? ஆஞ்சநேயர் மலைக்கு எங்க தெருவுலேர்ந்து வேன் கட்டிகினு போவாங்களே" என்றுதான் முதல் நாள் பேச்சைத் தொடங்கினார். தங்கியது புரசைவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. ஓர் அறைக்கு நாலு பேர். ராத்திரி ஒன்பதரைக்கு கேட் மூடிவிடும்.

புரட்டாசி முடிந்ததும் புரசைவாக்கம் வேறு ஊராகிவிட்டது. நெடுஞ்சாலை முழுக்க சீரியல் விளக்கு. நடைபாதையில் நைட்டி, ஜிமிக்கி, குழந்தைச் சட்டை. கூட்டத்தில் பையை முன்னால் மாட்டிக்கொண்டு, முழங்கையைக் கொஞ்சம் விரித்து நடக்க வேண்டும் என்பதை விடுதிப் பெண்கள் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் கூட்டத்தில் எவனோ ஒருவனின் கை பட்டது. திரும்பிப் பார்த்தால் நூறு முகம். அன்று எதுவும் வாங்காமல் அறைக்கு வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அறைத்தோழி, மணிப்பூர் பெண், பியூட்டி பார்லரில் வேலை பார்ப்பவள், ஒன்றும் கேட்கவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு பெரிய ஊக்கை எடுத்து என் துப்பட்டாவில் குத்திவிட்டாள். அடுத்த நாள் இருவரும் சேர்ந்து போனோம்.

அம்மாவுக்குப் புடவை எடுத்துக் காட்டிய பெண் என் வயதுதான் இருப்பாள். பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டே பேசினாள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி கடை அடைக்க எத்தனை மணியாகும் என்று சொல்ல முடியாது, விடிந்ததும் கிடைத்த பஸ்ஸில் விழுப்புரம் போவேன் என்றாள். கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அவள் பின்னாலும் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடியே எனக்கு முப்பது புடவை காட்டினாள். எங்கள் பக்கம் தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான், "இந்த வருஷம் எத்தினி பர்சன்ட்?" அப்போதிருந்த 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33, அதிகம் 20. அந்த எண்ணைப் பொறுத்துத்தான் புடவையா, பீரோவா, கடன் அடைப்பதா என்று முடிவாகும். அந்தப் பெண்ணிடம் அவள் போனஸைப் பற்றிக் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

அக்டோபர் 31 தீபாவளி. வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளியும் அரசு விடுமுறை என்று அறிவித்ததால் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு என்று ஊரே கிளம்பியது. எங்கள் அலுவலகத்தில் வெள்ளி, சனி வேலை உண்டு. வெளிநாட்டில் கோடைக்குக் கடைக்கு வர வேண்டிய செருப்பு இங்கே மழைக்காலத்தில்தான் கப்பல் ஏறும். கப்பல் தேதி தீபாவளி பார்க்காது. புதன்கிழமை வேலை முடிய எட்டரை. அதற்கு மேல் ரயில் பிடித்தால் அரக்கோணத்தில் நடுராத்திரி. அங்கிருந்து ஊருக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பஸ் இருக்காது. அம்மா போனில் ஒரே வார்த்தை சொன்னாள். "அந்நேரத்துக்கு அரக்கோணத்துல ஒத்தையா எறங்கி நிக்காத. அங்கியே இரு." நூறு கிலோமீட்டர் பயணத்தில் எழுபதைத் தாண்டுவது சுலபம். ஒரு பெண்ணைத் தடுத்து நிறுத்துவது கடைசி முப்பதுதான்.

விடுதியில் ஐந்து பேர் மிஞ்சினோம். மாதக் கட்டணம் முழுசாக வாங்கியிருந்தாலும் மெஸ் நாலு நாள் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பேர் நர்சுகள், டியூட்டி மாற்றி மாற்றி வந்துபோனார்கள். அப்புறம் மணிப்பூர்த் தோழி, நான், இன்னொருவர் டைப்பிஸ்ட் அக்கா. ஐம்பது வயதுக்கு மேல். இருபது வருஷமாக அந்த விடுதியில் அதே மூலைக் கட்டில். அன்றுவரை அவரோடு நான் பேசியதில்லை.

காலை நாலு மணிக்கு அவர்தான் கதவைத் தட்டினார். கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம். மிளகும் வெற்றிலைக் காம்பும் போட்டுக் காய்ச்சிய சூடு இன்னும் இருந்தது. "தீபாவளி எண்ணெய தனக்குத்தானே வெச்சுக்கக் கூடாது. ஒருத்தர் வெச்சு விடணும். எழுந்து வா" என்றார். பாத்ரூம் வாசலில் பிளாஸ்டிக் மனை போட்டு நாங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். உச்சந்தலையில் மூன்று சொட்டு வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டார். ஆயா செய்வது போலவே. மணிப்பூர்த் தோழிக்கு முதலில் வெட்கம், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாருக்கும் வைத்து முடித்ததும் அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போகப் பார்த்தார். "உங்களுக்கு?" என்று நர்ஸ் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. நான் கிண்ணத்தை எடுத்தேன். நரைத்த கூந்தல், மெல்லிய பின்னல். என் கைக்குக் கீழே அவர் தலை ஒரு குழந்தையின் தலை மாதிரி லேசாக இருந்தது. எத்தனை வருஷம் கழித்து ஒருவர் கை பட்டதோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அறையில் வைக்கக் கூடாத கரண்ட் அடுப்பில் உப்புமா கிண்டினோம். பதினோரு மணிக்கு நான் தனியாக வெளியே கிளம்பினேன். புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் ஆளே இல்லை. வெடித்த காகிதம் மட்டும் சிவப்பாக ஈரத்தரையில் ஒட்டிக் கிடந்தது. வேப்பேரி வழியாக நடந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தேன். தினமும் குறுக்கே கடக்கப் பத்து நிமிஷம் ஆகும் சாலை, அன்று நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்க முடிந்தது. 1913இலிருந்து நிற்கிற வெள்ளை ரிப்பன் மாளிகையை, தலை தூக்கி முழுசாக முதல்முறை பார்த்தேன். பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகம். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. இப்போது அந்த இடத்திலிருந்துதான் அரக்கோணம் வண்டி புறப்படுகிறது. உள்ளே போய் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு வண்டி காலியாக நின்றது. ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அரக்கோணம், பகல் நேரம், பஸ்ஸும் இருக்கும். ஆனால் போனால் வெள்ளிக்கிழமை காலை மேஜைக்கு வர முடியாது. வண்டி புறப்பட்டுப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தோழியோடு சௌகார்பேட்டை. மின்ட் தெருவில் லட்சுமி பூஜைக்குக் கடை வாசல்களில் கோலமும் சாமந்தியும். தலையில் முக்காடிட்ட பெண்கள் கல்லாப்பெட்டிக்குக் குங்குமம் வைத்தார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த ஜிலேபியை ஊதி ஊதித் தின்றோம். வெடிக்க அரசு தந்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழு, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. ஏழு அடித்ததும் வானம் கிழிந்தது. புகையில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. அந்தப் புகைக்குள் இரண்டு பெண்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். யாரும் நம்மைப் பார்க்கவில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றைக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கம் தீபாவளியைவிடப் பெரியது நோன்பு. கேதார கௌரி நோன்பு. அமாவாசையில் இருபத்தோரு அதிரசம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம் எல்லாம் கூடையில் அடுக்கி, கோயிலில் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் அமாவாசை தீபாவளியன்று பிற்பகலில்தான் பிறந்தது என்பதால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை நோன்பு. நான் அன்று பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். நோன்பு எடுத்த வீட்டில் கயிறு கட்டாத கை என்னுடையது ஒன்றுதான் என்று நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை ராணிப்பேட்டையிலிருந்து சாம்பிள் வேன் வந்தது. டிரைவர் பாய் ஷூ பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, கடைசியாக ஓர் எவர்சில்வர் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். "அம்மா கம்பெனி கேட்ல நின்னு குடுத்தாங்கம்மா. சாமிக்கு வெச்சதாம், கால் கீழ வெக்கக் கூடாதுன்னாங்க. சீட்லயே வெச்சிகினு வந்தேன்." டப்பாவில் பதினொரு அதிரசம். மேலே வாழையிலை நறுக்கில் சுற்றி மஞ்சள் கயிறு ஒன்று.

கயிற்றைத் தானே கட்டிக்கொள்ள முடியாது. இடது கையில் சுற்றி, பல்லால் ஒரு முனையைக் கடித்துப் பார்த்தேன். நழுவியது. கணக்கு அக்கா பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "கைய நீட்டு. எத்தினி முடிச்சு?" மூன்று என்றேன். கருப்புப் பர்தாவின் கைப்பகுதியை மேலே இழுத்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி, நுனியைக் கத்தரித்து, "பிரியாது போ" என்றார். அதிரசத்தில் பாய் ஒன்று, அக்கா ஒன்று, மானேஜர் ஒன்று. மிச்சத்தை விடுதிக்குக் கொண்டுபோய் டைப்பிஸ்ட் அக்காவின் கட்டில் மேல் வைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. சோளிங்கர் அந்தக் காலத்தில் சோழசிம்மபுரம். அங்கே வாழ்ந்தவர் தொட்டாச்சாரியார். வருஷா வருஷம் வைகாசி கருடசேவைக்குக் காஞ்சிபுரம் போவார். ஒரு வருஷம் உடம்பு முடியவில்லை. தக்கான் குளக்கரையில் நின்று அழுதார். வரதராஜர் கருடன் மேல் அங்கேயே வந்து அவருக்குக் காட்சி தந்தாராம். இன்றைக்கும் காஞ்சியில் கருடசேவை அன்று கோபுர வாசலில் ஒரு கணம் குடைகளால் பெருமாளை மறைப்பார்கள். அந்தக் கணம் அவர் சோளிங்கர் போய்விட்டு வருகிறார் என்று அர்த்தம். ஆயா அதைச் சொல்லும்போதெல்லாம், "வர முடியாதவங்களுக்குத்தான் சாமி வரும், வரக்கூடியவங்க நடக்கணும்" என்று முடிப்பாள். சிறுமியாக இருந்தபோது அது எனக்குப் புரியாது. ஒரு ஷூ வேனின் முன்சீட்டில் வந்த டப்பாவைப் பார்த்த பிறகு அந்தக் கதை என் கதையாகிவிட்டது.

கார்த்திகை பிறந்ததும் ஒரு ஞாயிறாவது போய்விட வேண்டும் என்று இருந்தேன். நவம்பர் 30 ஃபெங்கல் புயல். விமான நிலையத்தையே மூடினார்கள். புரசைவாக்கம் தெருக்களில் முழங்கால் தண்ணீர். டிசம்பர் 1 ஞாயிறு அப்படிப் போயிற்று. 13ஆம் தேதி தீபத்தன்று விடுதி மொட்டைமாடியில் ஈரக்காற்றில் அகல் அணைய அணைய ஏற்றினோம். 14ஆம் தேதி சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து வண்டி ஏறிவிட்டேன். மறுநாள் 15, கார்த்திகையின் கடைசி நாளும் கடைசி ஞாயிறும் ஒன்றாக வந்திருந்தது.

அம்பத்தூரில் பத்துப் பெண்கள் ஏறினார்கள். மஞ்சள் பை, புளியோதரைப் பொட்டலம், சின்னக் குழந்தை ஒன்று. சோளிங்கர் போகிறார்கள். ராத்திரி மண்டபத்தில் தங்கி விடியலில் ஏறுவார்களாம். திருநின்றவூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மா, "நீயும் மலைக்காம்மா? மெட்ராஸ்ல எங்க?" என்று கேட்டார். "பெரியமேடு" என்று என் வாய் சொன்னது. ஊர்க்காரி என்று சொல்லத் தோன்றவில்லை. சொல்லாமல் விட்டதற்கு மனசு அடித்துக்கொண்டது. கடம்பத்தூர் வந்ததும் சொல்லிவிட்டேன். "அப்படின்னா சொல்லு, எத்தினி படி?" என்று அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு கொண்டபாளையத்தில் ஆயா முன் நின்றேன். அம்மாவுக்கு ஒரு நாள்தான் லீவு, துணி ஊறப்போட்டிருந்தாள், நீ போ என்றாள். 2024 மார்ச்சில் ரோப்கார் ஓடத் தொடங்கிவிட்டது. நடக்க முடியாதவர்களும் முதியவர்களும் சில நிமிஷத்தில் மேலே போகிறார்கள். எத்தனையோ பேர் பல வருஷமாகக் காத்திருந்த வசதி. ஆனால் ரோப்காரில் போகிறவர்களுக்குக் குச்சி வேண்டாம். ஆயாவின் கட்டு பாதிக்குமேல் பிரிக்காமலே இருந்தது. அதைப் பற்றி நான் வாயெடுக்கும் முன்பே, "கொரங்கு கீற வரைக்கும் குச்சி போவும். நீ எடு" என்றாள். எடுத்தேன். கையை நீட்டினாள். "இன்னா ஆயா?" "சம்பாரிக்கிற இல்ல? வாடகை குடு." பத்து ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அம்பத்தூர்ப் பெண்களோடு ஏறினேன். ஐந்நூறு படிக்கு மேல் காலைப் பனி விலகி, எதிரே சின்ன மலை தெரிந்தது. 406 படி உயரத்தில் யோக ஆஞ்சநேயர், கையில் சங்கு சக்கரத்தோடு இந்த மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கீழே தக்கான் குளம். மனம் சரியில்லாதவர்களை அழைத்து வந்து குளத்தில் முழுக வைத்து, 48 நாள் தங்க வைக்கிற வழக்கம் உண்டு. ஈரப்புடவையோடு நடுங்கிக்கொண்டு படியேறும் பெண்களைச் சின்ன வயதில் பயந்து பயந்து பார்த்திருக்கிறேன். இந்த முறை என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருக்கும் ஒருத்தியை அவள் அம்மா கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன். குரங்கு ஒன்று வந்தது. குச்சியைத் தட்டினேன், தள்ளிப்போனது. அவள் என் கையிலிருந்த நோன்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, தானே எழுந்து ஏறினாள்.

திவ்யதேசப் பெயர் திருக்கடிகை. கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிஷம். இங்கே ஒரு கடிகை இருந்தாலே மோட்சம் என்பார்கள். ஊரில் இருந்தவரை கூட்டத்தோடு ஏறி, தீர்த்தம் வாங்கி, குச்சி பொறுக்க இறங்கிவிடுவேன். ஒரு கடிகை உட்கார்ந்ததே இல்லை. அன்று தரிசனம் முடிந்து, கைப்பிடிச் சுவர் ஓரம் நிழலில் உட்கார்ந்து, போனில் மணி பார்த்துக்கொண்டேன். மழைக்குப் பிறகு ஏரிகள் எல்லாம் தளும்பி நின்றன. ஒரு பெண் தனியாக ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள். அங்கே கேட்கவில்லை. மூர் மார்க்கெட் பெஞ்சிலும் கேட்கவில்லை. இந்த ஆறு மாதத்தில் நான் அப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

அதற்குப் பிறகு தெரிந்தே தேடினேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பிங்க் நிறம் பூசிய பஸ் எது வந்தாலும் ஏறலாம், கையில் காசு இல்லாத மாதக்கடைசி ஞாயிற்றிலும் ஊர் பார்க்கலாம். மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் மதியக் கச்சேரி. நுழைவு இலவசம். மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது, அதிலிருந்து வளர்ந்த சீசன் இது என்று பக்கத்து நாற்காலி மாமி சொன்னார். ராகம் தாளம் எனக்குத் தெரியாது. என் வயதுப் பெண் ஒருத்தி வயலின் வாசித்தாள், அவள் முன்கை நரம்பு தெரிய. இரண்டு மணி நேரம் இருந்தேன். டிசம்பர் 31 ராத்திரி மணிப்பூர்த் தோழி தேவாலயத்துக்குக் கூப்பிட்டாள். ஒன்பதரைக்கு மேல் கேட் திறக்காத வார்டன் அம்மா, "கோயிலுக்குன்னா போயிட்டு வாங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு வேப்பேரி முழுக்க மணி அடித்தது. தோழி மண்டியிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. 2023 மே மாதத்திலிருந்து கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த மாநிலத்திலிருந்து வந்தவள். அவள் வீட்டுக்குப் போகாததற்குக் காரணம் லீவு இல்லை என்பது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அவள் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தேன். திரும்பும்போது நான் தனியாக வரவில்லை. காணும் பொங்கலுக்கு மெரினா பார்க்க வேண்டும் என்று அண்ணன், அண்ணி, அவர்கள் நாலு வயது மகள், அம்மா எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஆயா மட்டும் வரவில்லை. "கடல நான் இன்னாத்துக்குப் பாக்கணும், மலை மேலேர்ந்து எல்லாம் தெரியுது" என்றாள்.

ஜனவரி 16. சென்ட்ரலிலிருந்தே கூட்டம். இருபது வருஷமாக ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவுக்கு மேல்தோல் தைத்தவள் அம்மா. கடலைப் பார்ப்பது அன்றுதான் முதல்முறை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தாள். "இதுலதான் நம்ம பொட்டியெல்லாம் போவுதா?" என்று கேட்டாள். துறைமுகம் அந்தப் பக்கம் என்று வடக்கே கை காட்டினேன். புறங்கையைப் புருவத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

மணலில் இறங்கும் இடத்தில் போலீஸ் பந்தல். காணாமல் போகாமல் இருக்கக் குழந்தைகளின் கையில் பெற்றோர் நம்பர் எழுதிய பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகள் கையை நீட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். பெண் காவலர் பேனாவைத் திறந்து, "அப்பா நம்பரா, அம்மா நம்பரா?" என்று கேட்டார். அண்ணன் பாக்கெட்டில் போனைத் தேடினான்.

அம்மா என்னைக் கை காட்டினாள். "இவ நம்பர எழுதுங்க மேடம். இவதான் இந்த ஊரு."